சிலாஜிசம்: விடை தவறும்போது பிழை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வங்கித் தேர்வுக்கும் ரயில்வே தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கு, சில கூற்றுகளைக் கொடுத்து அவற்றிலிருந்து எந்த முடிவு கிடைக்கும் என்று கேட்கும் கூற்று–முடிவுக் கணக்குகளை, அதாவது சிலாஜிசத்தை, சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்தப் பகுதியில் மதிப்பெண் போவதற்குப் பயிற்சிக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். விதிகளை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே, எந்த விதி எந்த இடத்தில் மீறப்பட்டது என்று தேடிப் பார்க்காமல், விடைக்குறிப்பில் உள்ளதைத் திருத்தி எழுதிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். அதே பிழை அடுத்த மாதிரித் தேர்விலும் வருகிறது. ஆகவே இங்கே பாடப்புத்தக வரிசையில் போகாமல், விடைத்தாளில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கி அதன் காரணத்துக்குப் போகும்படி எழுதியிருக்கிறேன். உங்கள் தவறு எந்தத் தலைப்பின்கீழ் வருகிறதோ அதை மட்டும் படித்தாலும் போதும்; ஆனால் அதற்கு முன் அடுத்த பத்தியை அவசியம் படித்துவிடுங்கள்.

இந்தக் கணக்குகளில் ஒவ்வொரு சொல்லையும் ஒரு வட்டமாக வரைந்து பார்ப்பது வழக்கம். கொடுத்த கூற்றுகளுக்கு ஒத்துப்போகும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவை அனைத்திலும் உண்மையாக நிற்கும் முடிவே கூற்றுகளிலிருந்து கிடைக்கும் முடிவு. எனவே முடிவு சரியாக வரும்படி ஒரு படத்தை வரைந்து காட்டுவதால் எதுவும் உறுதியாகாது. கூற்றுகள் ஒன்றையும் கெடுக்காமல் முடிவை மட்டும் பொய்யாக்கும் ஒரு படத்தை வரைய முடியுமா என்றுதான் முயன்று பார்க்க வேண்டும். அதை மறுப்புப் படம் என்று அழைக்கிறேன். மறுப்புப் படம் ஒன்று கிடைத்துவிட்டால் முடிவு விழுந்துவிடும். கூற்றுகளில் ஏதாவது ஒன்றைக் கெடுத்தால்தான் அப்படி வரைய முடியும் என்றால் முடிவு நிற்கும். படம் கைவராதவர்கள் இதையே சொற்களைக் கொண்டும் செய்யலாம்: கணக்கின் வடிவத்தை மாற்றாமல், சொற்களை மட்டும் எடுத்துவிட்டு, நமக்கு நன்றாகத் தெரிந்த ஊர்களையோ பொருள்களையோ போட்டுப் பார்ப்பது. கூற்றுகள் உண்மையாகவும் முடிவு பொய்யாகவும் வந்தால் அந்த வடிவமே பழுதானது.

முடிவு உண்மையாகத்தான் இருக்கிறது; விடைக்குறிப்போ அது கிடைக்காது என்கிறது

இதற்குக் காரணம், கூற்றில் இல்லாத உலக அறிவு கணக்குக்குள் நுழைந்திருப்பது. எல்லா அல்போன்சாவும் மாம்பழம். எல்லாச் செந்தூராவும் மாம்பழம். ஆகவே எந்த அல்போன்சாவும் செந்தூரா அல்ல. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் பலர் தயக்கமே இல்லாமல் சரி என்று குறிக்கிறார்கள், ஏனெனில் இரண்டு பழத்தையும் தின்று வளர்ந்தவர்களுக்கு இரண்டும் வேறு என்பது நாக்கிலேயே தெரியும். இப்போது சொற்களை மட்டும் மாற்றுங்கள். எல்லாத் தோத்தாபுரியும் மாம்பழம். எல்லா பெங்களூராவும் மாம்பழம். ஆகவே எந்தத் தோத்தாபுரியும் பெங்களூரா அல்ல. வடிவம் அதேதான், கூற்றுகள் இரண்டும் உண்மைதான், ஆனால் முடிவு பொய். தோத்தாபுரியும் பெங்களூராவும் ஒரே ரகத்துக்கு வழங்கும் இரண்டு பெயர்கள் என்பது இங்கே மாங்கூழ் ஆலைக்கு லோடு அனுப்பும் எவருக்கும் தெரியும். முதல் கணக்கில் முடிவை உண்மையாக்கியது நம்முடைய அறிவு. கூற்றுகளுக்கு அதில் பங்கு இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 'எல்லா ஆறுகளும் நாற்காலிகள், எல்லா நாற்காலிகளும் பறவைகள்' என்று வந்தால், கூற்றின் அபத்தத்தைப் பார்த்து மனம் பின்வாங்குகிறது. அங்கே 'எல்லா ஆறுகளும் பறவைகள்' என்ற முடிவு குறையின்றிக் கிடைக்கிறது. கூற்று உண்மையா என்று கேட்பது வேறு வேலை. கூற்றை ஒப்புக்கொண்டால் முடிவையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டுமா என்பதே இங்கே கேள்வி.

'எல்லா' என்று தொடங்கும் கூற்றைத் திருப்பிப் படித்ததால் வரும் தவறு

ஊத்தங்கரை வட்டத்து ஊர்கள் எல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்கள் என்றால், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்கள் எல்லாம் ஊத்தங்கரை வட்டத்தவை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஓசூர் நினைவுக்கு வந்து தடுத்துவிடும். ஆனால் சொற்கள் பழக்கமில்லாதவையாக இருக்கும்போது இதே திருப்புதல் அறியாமலே நடந்துவிடுகிறது. பழைய தருக்க நூல்கள் இதில் மிகவும் கவனமாக இருந்தன. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்ற அனுமானம் மணிமேகலையின் தருக்கப் பகுதியிலும் எடுத்துக்காட்டாக வருகிறது. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ள இடம் என்பதால் அது நிற்கிறது. நெருப்புள்ள இடமெல்லாம் புகையுள்ள இடம் என்று திருப்பினால் நிற்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்பது இந்தியத் தருக்க மரபு காட்டும் மறுப்பு.

எதைத் திருப்பலாம், எதைத் திருப்பக் கூடாது என்பதை ஒருமுறை தெளிவாக்கிக்கொண்டால் போதும். 'எதுவும் அல்ல' என்ற கூற்று அப்படியே திரும்பும்: 2004 பிப்ரவரி 9 அன்று மாவட்டம் பிரிந்த பிறகு, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர் எதுவும் தருமபுரி மாவட்டத்து ஊர் அல்ல, தருமபுரி மாவட்டத்து ஊர் எதுவும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊரும் அல்ல. 'சில' என்ற கூற்றும் அப்படியே திரும்பும். 'எல்லா' என்ற கூற்று திரும்பும்போது 'சில' ஆகக் குறைந்துவிடும். 'சில அல்ல' என்ற கூற்று திரும்பவே திரும்பாது. அதைத் திருப்பிய முடிவு விடைத்தேர்வில் இருந்தால், வேறு கூற்றுகளின் துணை இல்லாதவரை யோசிக்காமல் விலக்கலாம்.

'எல்லா', 'சில' இரண்டும் கலந்து வரும் கணக்கு ஒரு நேரம் சரியாக வருகிறது, ஒரு நேரம் தவறுகிறது

என் அனுபவத்தில் அதிக மதிப்பெண்ணைத் தின்பது இதுதான், ஆகவே இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பின்வரும் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சில பட்டு வளர்ப்போர் விவசாயிகள். எல்லா விவசாயிகளும் வாக்காளர்கள். சில பட்டு வளர்ப்போர் வாக்காளர்கள் என்பது கிடைக்கும்.

எல்லா ராகி பயிரிடுவோரும் விவசாயிகள். சில விவசாயிகள் பட்டு வளர்ப்போர். சில ராகி பயிரிடுவோர் பட்டு வளர்ப்போர் என்பது கிடைக்காது.

இரண்டிலும் ஒரு 'எல்லா', ஒரு 'சில'. வேறுபாடு, இரண்டு கூற்றுகளையும் இணைக்கும் பொதுச் சொல்லாகிய 'விவசாயிகள்' எப்படிப் பேசப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. முதல் கணக்கில் 'எல்லா விவசாயிகளும்' என்று அந்தக் கூட்டம் முழுவதையும் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், பட்டு வளர்ப்பவர் எந்த மூலையில் இருக்கும் விவசாயியாக இருந்தாலும் அவர் வாக்காளர் வட்டத்துக்குள் வந்தாக வேண்டும். இரண்டாம் கணக்கில் 'எல்லா' என்ற சொல் ராகி பயிரிடுவோர் மேல் நிற்கிறது. விவசாயிகள் முழுவதையும் பற்றி எந்தக் கூற்றும் பேசவில்லை. ராகிக்காரர்கள் விவசாயிகளின் ஒரு பகுதி, பட்டுக்காரர்கள் இன்னொரு பகுதி. இரண்டு பகுதிகளும் சந்தித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் ஊர்களில் ராகியும் போட்டுப் பட்டுப்புழுவும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்களே என்ற நினைவு வந்தால், முதல் தலைப்பில் சொன்ன பிழை இதற்குள்ளும் நுழைகிறது என்று கொள்ளுங்கள். வடிவத்தைச் சோதிக்க ஊர்களைப் போட்டுப் பாருங்கள்: கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்கள் எல்லாம் தமிழ்நாட்டு ஊர்கள், தமிழ்நாட்டு ஊர்களில் சில கடலோர ஊர்கள், ஆகவே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில் சில கடலோர ஊர்கள். கூற்றுகள் உண்மை, முடிவு பொய்.

விதி தெரிந்தும் படத்தில் தவறுகிறவர்கள் உண்டு. ஒரு மாணவியின் நோட்டில் இதே கணக்குக்கு வரைந்திருந்த படத்தை நெருங்கிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. 'விவசாயிகள்' என்ற பெரிய வட்டத்தின் நட்டநடுவில் 'ராகி' வட்டத்தை ஏறக்குறைய அதே அளவுக்குப் பெரிதாகப் போட்டிருந்தார்; இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஒரு பென்சில் முனை அளவே இடைவெளி. மூன்றாவது வட்டம் விவசாயி வட்டத்தை வெட்ட வந்தபோது, ராகி வட்டத்தையும் சேர்த்தே வெட்டியிருந்தது. அது ஏன் உள்ளே வரைக்கும் வந்தது என்று கேட்டதற்கு, "வெளியில இடம் இல்ல சார்" என்றார். முடிவைத் தீர்மானித்தது தாளில் இருந்த இடம். அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்: உள்வட்டத்தைச் சிறியதாக, இடப்பக்க ஓரத்தில் ஒதுக்கிப் போடுங்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால் மூன்றாவது வட்டத்தை உள்வட்டத்தைத் தொட்டும் வரையலாம், தொடாமலும் வரையலாம்; இரண்டும் முடியும் என்பது கண்ணுக்கே தெரியும்போது கை தானாக நிற்கும்.

'எல்லா' முதலில் வந்தால் கிடைக்காது, இரண்டாவதாக வந்தால் கிடைக்கும் என்று இடத்தை வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். எல்லாக் கூடைகளும் மூங்கிலால் ஆனவை, சில கூடைகள் பெரியவை என்று வந்தால் 'எல்லா' முதலில்தான் இருக்கிறது. ஆனாலும் மூங்கிலால் ஆனவற்றில் சில பெரியவை என்பது கிடைக்கிறது, ஏனெனில் பொதுச் சொல்லாகிய 'கூடைகள்' மேலேயே 'எல்லா' நிற்கிறது. இரண்டு கூற்றும் 'சில' என்றால் பொதுச் சொல் எங்குமே முழுமையாகப் பேசப்படவில்லை. அந்த இரண்டையும் இணைத்து ஒன்றும் பெற முடியாது.

'எதுவும் அல்ல' இருக்கும் கணக்கில் முடிவு அளவுக்கு மீறிப் போகிறது

அரூர் வட்டத்து ஊர்கள் எல்லாம் தருமபுரி மாவட்டத்து ஊர்கள். ஓசூர் வட்டத்து ஊர் எதுவும் அரூர் வட்டத்து ஊர் அல்ல. ஆகவே ஓசூர் வட்டத்து ஊர் எதுவும் தருமபுரி மாவட்டத்து ஊர் அல்ல. படிக்கும்போது குறையே தெரியாது, முடிவும் உண்மை. ஓசூரை எடுத்துவிட்டுப் பென்னாகரத்தைப் போடுங்கள். பென்னாகரம் வட்டத்து ஊர் எதுவும் அரூர் வட்டத்து ஊர் அல்ல என்பது உண்மை. ஆகவே பென்னாகரம் வட்டத்து ஊர் எதுவும் தருமபுரி மாவட்டத்து ஊர் அல்ல என்றால், ஒகேனக்கல்லை வேறு மாவட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்ததாகிவிடும். கூற்றில் தருமபுரி மாவட்டம் முழுவதையும் பற்றிப் பேச்சே இல்லை, அரூர் இருக்கும் பகுதியைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள்; முடிவோ மாவட்டம் முழுவதையும் மூடிவிடுகிறது. கூற்றில் பாதியாகப் பேசப்பட்ட சொல் முடிவில் முழுமையாகப் பேசப்படக் கூடாது.

இதைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து விழும் குழி, 'அப்படியானால் ஒன்றுமே கிடைக்காது' என்று போடுவது. எதிர்த்திசையில் ஒன்று கிடைக்கிறது: தருமபுரி மாவட்டத்து ஊர்களில் சில, அதாவது குறைந்தது அரூர் வட்டத்து ஊர்கள், பென்னாகரம் வட்டத்து ஊர்கள் அல்ல. இந்தத் தலைகீழ் 'சில அல்ல' முடிவை விடைத்தேர்வில் தேடிப் பார்க்காமல் விடாதீர்கள்.

இரண்டு கூற்றும் எதிர்மறை என்றால், அந்த இரண்டையும் மட்டும் இணைத்து எதுவும் வராது. இதில் விதிவிலக்கு இல்லை.

இரண்டும் கிடைக்காது என்று குறித்தேன். விடை 'ஏதேனும் ஒன்று' என்று இருக்கிறது

எல்லா ரோஜாக்களும் பூக்கள். சில பூக்கள் ஏற்றுமதிச் சரக்குகள். சில ரோஜாக்கள் ஏற்றுமதிச் சரக்குகள் என்பது முதல் முடிவு. எந்த ரோஜாவும் ஏற்றுமதிச் சரக்கு அல்ல என்பது இரண்டாவது. தனித்தனியே இரண்டுக்கும் மறுப்புப் படம் வரைய முடிகிறது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பொய்யாக்கும் படம் இல்லை: ரோஜா வட்டம் ஏற்றுமதி வட்டத்தைத் தொட்டால் முதலாவது உண்மை, தொடாவிட்டால் இரண்டாவது உண்மை. சோதனையும் இதுவே. தனித்தனியே இரண்டும் விழுந்த பிறகு, இரண்டையும் சேர்த்து விழவைக்க முடியுமா என்று ஒருமுறை முயன்று பாருங்கள். முடியாவிட்டால் 'ஏதேனும் ஒன்று'.

'எல்லா ரோஜாவும்' என்ற முடிவும் 'எந்த ரோஜாவும் அல்ல' என்ற முடிவும் நேர் எதிராகத் தோன்றினாலும் இந்த இணையில் சேராது, ஏனெனில் சில ரோஜாக்கள் ஏற்றுமதியாகி மற்றவை ஆகாமல் இருந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். 'எல்லா' என்பதற்குச் சரியான இணை 'சில அல்ல'. முடிவுகளில் சொற்கள் இடம் மாறி இருந்தால், திருப்பக்கூடிய கூற்றாக இருந்தால் திருப்பி ஒரே வரிசைக்குக் கொண்டுவந்த பின் ஒப்பிடுங்கள்.

'வாய்ப்பு உண்டு' என்று முடியும் முடிவுகள்

இங்கே சோதனை அப்படியே தலைகீழாகிறது. ஒரே ஒரு படத்தில் முடிவு உண்மையாக வந்தாலும் போதும். மேலே பார்த்த ராகி–பட்டுக் கணக்கில், எல்லா ராகி பயிரிடுவோரும் பட்டு வளர்ப்போராக இருக்க வாய்ப்பு உண்டு என்பது சரி. கூற்றுகளோடு நேரடியாக மோதும்போது மட்டுமே வாய்ப்பு இல்லை என்று குறிக்க வேண்டும். உறுதி முடிவுக்கு மறுப்புப் படம், வாய்ப்பு முடிவுக்கு ஆதரவுப் படம் என்று விளிம்பில் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குபவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

'மட்டுமே' வந்தால் தடுமாற்றம்

தகுதி மதிப்பெண் பெற்றவர்கள் மட்டுமே நேர்காணலுக்கு அழைக்கப்படுவார்கள் என்று அறிவிப்பு வந்தால், அழைக்கப்பட்டவர் எல்லாரும் தகுதி மதிப்பெண் பெற்றவர்கள் என்பதே அதன் பொருள். தகுதி பெற்ற எல்லாரையும் அழைப்பார்கள் என்று அதில் உறுதி எதுவும் இல்லை. கணக்கில் வரும்போதும் இப்படியே 'எல்லா'க் கூற்றாக மாற்றி, இடத்தையும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். 'சில பூக்கள் மட்டுமே பழங்கள்' என்பது வேறு வகை. அதில் இரண்டு கூற்றுகள் அடங்கியிருக்கின்றன, சில பூக்கள் பழங்கள் என்பதும் சில பூக்கள் பழங்கள் அல்ல என்பதும். ஆகவே எல்லாப் பூக்களும் பழங்களாக இருக்க வாய்ப்பு இல்லை. எல்லாப் பழங்களும் பூக்களாக இருக்க வாய்ப்பு உண்டு.

மூன்று, நான்கு கூற்றுகள் வந்தால் நேரம் போதவில்லை

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் கூற்றுகளைக் கொடுத்த வரிசையிலேயே வரைவதுதான். 'சில' கூற்றை முதலில் வரைந்தால், அடுத்த கூற்று வரும்போது அழித்து வரைய வேண்டியிருக்கும். 'எல்லா' கூற்றுகளையும் 'எதுவும் அல்ல' கூற்றுகளையும் முதலில் வரைந்துவிட்டு, 'சில' கூற்றுகளைக் கடைசியாக வையுங்கள்.

சில பூக்கள் பழங்கள். எல்லாப் பழங்களும் கூடைகள். எந்தக் கூடையும் வண்டி அல்ல. பழத்தைக் கூடைக்குள் போட்டு, வண்டியைத் தள்ளி வைத்துவிட்டால், பூ வட்டத்துக்குப் பழத்தைத் தொட்டாக வேண்டும் என்ற ஒரே கட்டாயம் மிஞ்சுகிறது. மற்ற திசைகளில் அது விருப்பப்படி நீளலாம், கூடைக்கு வெளியே போகலாம், வண்டியைக்கூடத் தொடலாம். இப்போது முடிவுகளைப் பாருங்கள். எந்தப் பழமும் வண்டி அல்ல என்பது கிடைக்கும். சில கூடைகள் பூக்கள் என்பது கிடைக்கும். சில பூக்கள் வண்டிகள் அல்ல என்பதும் கிடைக்கும், ஏனெனில் பழமாகவும் இருக்கும் அந்தப் பூக்கள் கூடைக்குள் சிக்கியிருக்கின்றன. எல்லாப் பூக்களும் கூடைகள் என்பது கிடைக்காது. சில வண்டிகள் பூக்கள் என்பது உறுதியாகக் கிடைக்காது, ஆனால் அதற்கு வாய்ப்பு உண்டு. எல்லாப் பூக்களும் வண்டிகளாக இருக்க வாய்ப்பு இல்லை. ஆனால் எல்லா வண்டிகளும் பூக்களாக இருக்க வாய்ப்பு உண்டு. பூ வட்டத்தை நீட்டி வண்டி வட்டத்தை முழுவதும் விழுங்கவைத்தாலும் மூன்று கூற்றுகளும் கெடுவதில்லை. கடைசி இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே விடை குறிப்பவர்கள் ஏராளம்.

எல்லாவற்றையும் சரிபார்த்தும் விடைக்குறிப்போடு ஒத்துவரவில்லை

இந்த இடத்தில் பெரும்பாலும் பிரச்சினை இருப்பது, 'எல்லா' என்ற கூற்று, அது பேசும் பொருளோ ஆளோ உண்மையில் இருப்பதாகவும் சேர்த்துச் சொல்கிறதா என்பதில். தேர்வறையில் கைப்பேசியுடன் பிடிபடுபவர்கள் எல்லாரும் வெளியேற்றப்படுவார்கள் என்ற அறிவிப்பு, ஒருவர்கூடப் பிடிபடாத தேர்வறையிலும் உண்மையான அறிவிப்பே. அப்படியிருக்க, அதிலிருந்து 'பிடிபட்ட சிலர் வெளியேற்றப்பட்டார்கள்' என்று பெற முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல், ஜான் வென் ஆகியோர் வழியாக வந்த இன்றைய தருக்கம் இப்படியே கொள்கிறது. அரிஸ்டாட்டிலில் தொடங்கும் பழைய மரபு, பேசப்படும் பொருள் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறது. மூன்று சொற்களை நான்கு வகைக் கூற்றுகளில் அடுக்கினால் வரக்கூடிய 256 வடிவங்களில் மரபு முறையில் 24 செல்லும், இன்றைய முறையில் 15 மட்டுமே செல்லும். இடையில் உள்ள 9 வடிவங்களும் இந்த ஒரு வேறுபாட்டால் விழுபவை.

வங்கி, ரயில்வே போன்ற தேர்வுகளின் கணக்குகள் மரபு முறையையே பின்பற்றுகின்றன. 'எல்லாப் பூக்களும் பழங்கள்' என்றால் 'சில பூக்கள் பழங்கள்' என்பதும் கிடைக்கும் என்று அங்கே குறிக்க வேண்டும். அரூர்–பென்னாகரம் கணக்கில் வந்த தலைகீழ் 'சில அல்ல' முடிவும், 'சில', 'சில அல்ல' ஆகிய இரண்டையும் 'ஏதேனும் ஒன்று' இணையாக ஏற்பதும் இதே அடிப்படையில்தான். கல்லூரியில் தருக்கமோ கணிதமோ படித்துவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில் தாங்கள் கற்றதைத் தவறு என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். இரண்டு முறைகளும் அவற்றின் எல்லைக்குள் சரியானவை, தேர்வுத் தாள் எதைக் கேட்கிறதோ அதற்கு விடை எழுதுங்கள்.

இதுவும் பொருந்தவில்லை என்றால் வினாவின் மொழியைப் பாருங்கள். 'எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெறவில்லை' என்று அச்சிட்டிருந்தால், ஒருவருமே தேறவில்லை என்றும் படிக்கலாம், சிலர் தேறவில்லை என்றும் படிக்கலாம். இருமொழித் தாளாக இருந்தால் அடுத்த மொழியில் உள்ள வடிவத்தையும் படித்து, எது பொருள் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே முதல் வட்டத்தை வரையுங்கள்.